தனிக்குடித்தனத்தில் முதல் ரமலான்: அடுப்பையும் இபாதத்தையும் (இறைவழிபாட்டையும்) ஒழுங்குபடுத்தும் முறை

திருமணமாகி வேலை நிமித்தம் சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நகரங்களில் தனிக்குடித்தனம் வைத்திருக்கும் இளம் தம்பதியருக்காகவும், இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவி முதல் ரமலானை எதிர்நோக்கியிருப்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஊரில் இருந்தவரை சஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் அதிகாலையில் உண்ணும் உணவுக்கு) எழுப்ப உம்மா இருப்பார். அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலுக்குத் தூக்குச்சட்டியோடு போனால் கஞ்சி கிடைக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் விரிப்பில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் முன்னால் வந்துவிடும். தனி வீட்டில் இவை அத்தனையையும் இரண்டு பேரே, அதுவும் நோன்போடு, செய்தாக வேண்டும்.

இந்த மாதம் முழுவதற்கும் நான் வற்புறுத்தும் விதி ஒன்றே ஒன்று: சமைப்பவரும் நோன்பாளி. நோன்பு திறக்கும் பாங்கு (தொழுகை அழைப்பு) ஒலிக்கும்போது வீட்டில் ஒருவர்கூட அடுப்பங்கரையில் நிற்கக் கூடாது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வோர் ஏற்பாடும் இந்த விதியைக் காப்பதற்காகவே. பல வீடுகளில் எட்டு வகைப் பலகாரங்களோடு விரிப்பு நிறைந்திருக்க, அவற்றைச் செய்தவர் மட்டும் வியர்வையோடு ஓடிவந்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மீண்டும் எண்ணெய்ச் சட்டியிடம் போய்விடுகிறார். அந்த வீட்டில் உணவு நிறைவாக இருக்கலாம், குடும்பம் நிறைவாக இல்லை.

ஷஅபானிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஅபானில் ஒரு நாள், நோன்பில்லாத நிலையில், நோன்புக் கஞ்சியை ஒரு முறை காய்ச்சிப் பாருங்கள். நோன்போடு சமைக்கும்போது பதம் பார்ப்பதைத் தவிர்ப்பதே நல்லது என்பதால், உங்கள் பாத்திரத்துக்கும் உங்கள் அரிசிக்கும் எத்தனை கோப்பைத் தண்ணீர், எத்தனை தேக்கரண்டி உப்பு என்பதை அந்த நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். முடிவான அளவை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அளவு எழுத்தில் இருந்தால் கணவன், மனைவி இருவரில் யார் காய்ச்சினாலும் ஒரே சுவை வரும்.

அடுத்த வேலை பொட்டலம் போடுவது. ஒரு நாளைக்குத் தேவையான நொய்யரிசி, வறுத்த பாசிப்பருப்பு, வெந்தயம் ஆகிய மூன்றையும் அளந்து ஒரே பொட்டலமாகக் கட்டி, பத்து நாள்களுக்கானதை ஒரு டப்பாவில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம். இஞ்சி பூண்டு விழுதைச் சிறிது உப்பும் எண்ணெயும் சேர்த்து அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்குத் தாங்கும். ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் களைத்த உடலோடு அளப்பதும் வறுப்பதும் உரிப்பதும் இல்லாமல் போனாலே வேலையில் பாதி குறைந்துவிடும்.

உங்கள் பகுதிப் பள்ளிவாசலுக்குச் சென்று சஹர் முடிவு, நோன்பு திறப்பு நேரங்கள் அச்சிட்ட அட்டவணையை வாங்கி வாருங்கள். ஊருக்கு ஊர் சில நிமிடங்கள் வேறுபடும் என்பதால் சொந்த ஊர் அட்டவணையை நகரத்தில் பயன்படுத்தக் கூடாது. இஸ்லாமிய ஆண்டு சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுவதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னதாக வரும். தமிழ்நாட்டில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் நோன்பு சுமார் 13 மணி நேரம் நீடிக்கும். மே, ஜூன் மாதங்களில் வந்தால் 14 மணி நேரத்தைத் தாண்டும். கஞ்சியின் கெட்டி, சஹரில் குடிக்கும் தண்ணீர், சமைக்கும் நேரம் எல்லாமே பருவத்துக்கு ஏற்ப மாற வேண்டியவை.

இஸ்லாமியக் கணக்கில் நாள் என்பது சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது என்பதைப் புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஷஅபான் 29ஆம் நாள் மாலையில் பிறை தென்பட்டுவிட்டால் அன்று இரவே தராவீஹ் எனும் ரமலான் இரவுத் தொழுகை உண்டு, மறுநாள் அதிகாலையிலேயே முதல் சஹர். பிறை அறிவிப்பு சில ஆண்டுகளில் இரவு தாமதமாக வருவதும் உண்டு. ஆகையால் அன்று மாலை வீட்டில் மாவோ முட்டையோ தயிரோ இருக்கும்படி பார்த்துக்கொண்டால், அறிவிப்பு வந்த பிறகு கடை தேடி அலைய வேண்டியிருக்காது.

நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் ஷஅபானிலேயே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுவிட வேண்டும். நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் குர்ஆனே சலுகை அளித்திருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தமக்கோ குழந்தைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சினால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் ஈடு செய்யலாம். குணமடைய வாய்ப்பில்லாத நோயாளிகள் விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா முறை உண்டு. இறைவன் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். வீட்டில் நோன்பில்லாதவர் இருந்தால் அவருக்கு மதிய உணவு ஒழுங்காகக் கிடைப்பதைக் குடும்பம் உறுதி செய்ய வேண்டும். அவர் மறைந்து நின்று பழைய பிஸ்கட்டைக் கடித்துக்கொள்ளும் நிலை எந்த வீட்டிலும் வரக் கூடாது.

கடைசியாக, வேலைப் பங்கீட்டை இருவரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஆகவே கணவர் சஹர் பாத்திரங்களைக் கழுவுவதும் வெங்காயம் நறுக்குவதும் மனைவிக்குச் செய்யும் உபகாரம் என்று எண்ண வேண்டியதில்லை; அது நபிவழி.

நோன்புக் கஞ்சி

தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும் உணவின் நடுநாயகம் கஞ்சிதான். பகல் முழுவதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு நீரையும் மாவுச்சத்தையும் பருப்பின் புரதத்தையும் ஒரே கிண்ணத்தில், இளஞ்சூட்டில், செரிக்க எளிதான பதத்தில் தருகிறது. தமிழகப் பள்ளிவாசல்களில் பெரிய தேக்சாக்களில் காய்ச்சி, சாதி மதம் பாராமல் வருவோர்க்கெல்லாம் ஊற்றுகிறார்கள். இதற்காகத் தமிழ்நாடு அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. பள்ளிவாசல் அருகில் இருந்தால் தயங்காமல் வாங்கி வரலாம். ஆனாலும் வீட்டில் காய்ச்சத் தெரிந்திருப்பது நல்லது.

ஐந்து பேருக்கான அளவு இது. பச்சரிசி நொய் ஒரு கோப்பை, அதாவது ஏறத்தாழ 200 கிராம். நொய் கிடைக்காவிட்டால் பச்சரிசியை மிக்சியில் இரண்டு சுற்று விட்டு ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளலாம். பாசுமதி அரிசி இதற்கு ஏற்றதன்று, அது குழையாமல் தனித்து நிற்கும். பாசிப்பருப்பு கால் கோப்பை, வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்தது. வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இதற்கு மேல் போனால் கசக்கும். பெரிய வெங்காயம் ஒன்று, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, இவை தவிர முழுப் பூண்டுப் பல் ஏழெட்டு. பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, ஏலக்காய் ஒன்று, மஞ்சள்தூள் சிறிது. கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கோப்பை. புதினாவும் மல்லித்தழையும் ஒவ்வொரு கைப்பிடி. விரும்பினால் கொத்துக்கறி 150 கிராம்.

அரிசியையும் பருப்பையும் வெந்தயத்தையும் களைந்து அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். குக்கரில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காயைப் போட்டு, வெங்காயத்தை நிறம் மாறாமல் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கி, விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கிளற வேண்டும். தக்காளி, மிளகாய், மஞ்சள், பாதிப் புதினா மல்லி சேர்ந்து குழைந்த பின் ஊறிய அரிசிக் கலவையும் பூண்டுப் பற்களும் எட்டுக் கோப்பைத் தண்ணீரும், தூள் உப்பானால் தலைதட்டிய இரண்டு தேக்கரண்டியும் போட்டு மூட வேண்டும். குக்கர் கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நொய்யும் பருப்பும் நுரைத்துப் பொங்கி ஆவித்துளையை அடைத்துவிடும். ஐந்து லிட்டர் குக்கரானால் இந்த அளவு சரியாக இருக்கும். சிறிய குக்கரில் தண்ணீரைக் குறைத்து வேகவைத்து, திறந்த பின் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்து அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

திறந்ததும் மத்தாலோ அகப்பையின் அடியாலோ இலேசாக மசிக்கவும். பூண்டும் வெந்தயமும் கஞ்சியோடு கரைந்துவிட வேண்டும், அரிசி மட்டும் சிறு குருணையாக நாவில் தட்டுப்பட வேண்டும், அதுதான் பதம். இந்த நேரத்தில் கஞ்சி கெட்டியாக இருந்தால் வெந்நீர் மட்டுமே ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நீர் வேறு கஞ்சி வேறாகப் பிரிந்து நிற்கும். அடுப்பை மிகச் சிறு தீயில் வைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதும் அணைத்து, மீதிப் புதினா மல்லியைத் தூவி மூடிவிடலாம். பால் ஊற்றிய பின் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் மிதக்கும். அகப்பையில் அள்ளி ஊற்றினால் அறுபடாமல் நூலாக இறங்குவது சரியான நீர்ப்பதம். கஞ்சி ஆற ஆற இறுகும் என்பதால், நோன்பு திறக்கும் நேரத்தில் இருக்க வேண்டியதைவிட ஒரு படி இளக்கமாகவே இறக்கி வையுங்கள்.

கறியைக் கஞ்சியோடு சேர்த்து வேகவைப்பது வழக்கம். நான் தனியாகச் செய்யும் முறையையே சிபாரிசு செய்வேன். கொத்துக்கறியைச் சிறிது விழுது, மிளகு, உப்போடு தனிச் சட்டியில் சுருள வேகவைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு வேண்டிய பங்கில் மட்டும் கடைசியில் கலந்துகொண்டால், மீதிக் கஞ்சி சைவமாகவே இருக்கும். எதிர்வீட்டில் அசைவம் உண்ணாத அம்மா இருந்தாலும் அவருக்கும் மனநிறைவோடு கொடுத்தனுப்ப முடியும்.

உப்பைப் பற்றி ஒரு சொல். சமைப்பவர் தேவை கருதி நாவின் நுனியில் வைத்துப் பார்த்து, விழுங்காமல் துப்பிவிட்டு வாய் கொப்பளித்துக்கொள்வதற்கு மார்க்க அறிஞர்கள் இடமளித்திருக்கிறார்கள். ஆயினும் தாகத்தோடு இருக்கும்போது அதைத் தவிர்ப்பதே பேணுதல். வீட்டில் நோன்பு வைக்கும் வயதை எட்டாத குழந்தை இருந்தால் அதனிடம் ஒரு கரண்டி கொடுத்துக் கேட்கலாம். மாதவிடாய் நாள்களில் நோன்பில்லாத பெண்கள் அந்த நாள்களில் பதம் பார்த்துக் கொடுப்பதும் நம் வீடுகளில் வழக்கம்தான். இவை எதுவும் இல்லாத நாளில் எழுதி ஒட்டிய அளவே துணை. அப்படியும் உப்புக் குறைந்துவிட்டால் மேசையில் உப்புக் கிண்ணம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். முப்பது நாள்களும் விரிப்பில் இந்த ஒழுக்கம் காக்கப்பட்டால் சமைத்தவருக்கு அதைவிடப் பெரிய ஓய்வு இல்லை.

வடை, சமோசா, பகோடாவைப் பொறுத்தவரை வாரம் இரண்டு நாள் போதும் என்பது என் உறுதியான கருத்து. பொரித்த பண்டம் தாகத்தைக் கூட்டுகிறது, நெஞ்செரிச்சலோடு தராவீஹில் நிற்க வைக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சூடாகப் பரிமாற வேண்டும் என்பதற்காக ஒருவரைக் கடைசி நிமிடம்வரை அடுப்போடு கட்டிப்போடுகிறது. மற்ற நாள்களில் அவித்த கொண்டைக்கடலை, பழம், நன்னாரி சர்பத் அல்லது ஊறிய சப்ஜா விதை போட்ட எலுமிச்சைச் சாறு என்று அமைத்துக்கொண்டால் தட்டும் நிறையும், உடலும் தாங்கும்.

கடைசிப் பதினைந்து நிமிடங்கள்

அஸர் தொழுததும் அரிசியை ஊறப்போட்டுவிட்டு அரை மணி நேரம் ஓய்வெடுத்தாலும், பாங்குக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே கஞ்சி இறங்கிவிடும். பதினைந்து நிமிடங்களுக்கு முன் அடுப்பை அணைத்துவிட்டு, ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்துகொண்டு, எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்துவிட வேண்டும். நோன்பாளியின் துஆ (பிரார்த்தனை) ஏற்கப்படும் நேரம் இது என்று நம்புகிறோம். அந்த நேரத்தைத் தட்டு அடுக்குவதிலும் கைப்பேசியிலும் செலவழிப்பது பெரும் இழப்பு. முதல் ஐந்து நிமிடம் ஒருவர் குர்ஆனிலிருந்து சில வசனங்களை ஓதி அவற்றின் தமிழ்ப் பொருளை வாசிக்கலாம். பின் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த மொழியில் துஆ கேட்கட்டும். இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றவர்கள் அரபு தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், தமிழில் கேட்டாலும் இறைவன் அறிவான். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைக் குழந்தைகளுக்குப் பழக்குங்கள்.

பாங்கு சொன்னதும் தாமதிக்காமல் நோன்பைத் திறப்பதே சுன்னத்து (நபிவழி). பேரீச்சம்பழம், இல்லாவிட்டால் தண்ணீர் கொண்டு திறக்க வேண்டும். அதன்பின் ஓதும் துஆக்களில் ஒன்றின் பொருள் "தாகம் தீர்ந்தது, நரம்புகள் நனைந்தன, இறைவன் நாடினால் கூலியும் உறுதியாயிற்று" என்பது. முதல் மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்குவதைக் கவனித்தபடி இந்தப் பொருளைக் குழந்தைக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் அது வாழ்நாளுக்கும் மறக்காது.

அரைக் கிண்ணம் கஞ்சி, ஒரு பழம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு மஃரிபு எனும் மாலைத் தொழுகையைத் தொழுதுவிட வேண்டும். ஆண்கள் பள்ளிவாசலுக்குச் செல்லும் நாளில் வீட்டிலிருப்பவர்கள் சேர்ந்து தொழலாம். தொழுது வந்த பின் மீதிக் கஞ்சியையோ எளிய இரவு உணவையோ உண்ணலாம். கீழக்கரை, காயல்பட்டினம் பகுதிகளில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் சஹன் வழக்கம் இன்றும் விருந்துகளில் இருக்கிறது. உண்டும் வயிறு நிறைவதில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், தனித்தனியாக உண்கிறீர்கள் போலும், சேர்ந்து அமர்ந்து இறைவன் பெயர் சொல்லி உண்ணுங்கள், உங்களுக்கு அதில் பரக்கத் (இறையருளால் பெருக்கம்) செய்யப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அந்த வழக்கத்துக்கு அடிப்படை. வாரம் ஒரு நாளாவது வீட்டில் இப்படி ஒரே தட்டில் உண்டு பாருங்கள். "பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் உண், உன் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடு" என்று நபி (ஸல்) அவர்கள் தம் வளர்ப்பில் இருந்த ஒரு சிறுவருக்குச் சொன்ன மூன்று பாடங்களும் சொல்லிக்கொடுக்காமலேயே அங்கு பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

இரவும் ஓதலும்

தமிழகப் பள்ளிவாசல்களில் பெரும்பாலும் இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பின் இருபது ரக்அத் (தொழுகைச் சுற்று) தராவீஹ் தொழப்படுகிறது. பெண்களுக்கு இடவசதியுள்ள பள்ளிவாசல் அருகில் இருந்தால் குடும்பமாகச் செல்லலாம்; காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் (தொழுமிடங்கள்) உண்டு. நகர அடுக்ககத்தில் அந்த வாய்ப்பு இல்லாதபோது, வீட்டு வரவேற்பறையிலேயே தெரிந்த சூராக்களை (குர்ஆன் அத்தியாயங்களை) கொண்டு தொழுதால் போதும். குழந்தை அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இருவரும் மாறி மாறித் தொழுதுகொள்ள வேண்டியிருக்கும். ஒருவரே முப்பது நாள்களும் தொட்டிலோடு நிற்கும்படி விட்டுவிடக் கூடாது.

குர்ஆன் முப்பது பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் நாளுக்கு ஒரு பாகம் (ஜுஸ்உ) வீதம் ஓதினால் மாதத்தில் நிறைவாகும். பரவலாகக் கிடைக்கும் அச்சுகளில் ஒரு ஜுஸ்உ ஏறத்தாழ இருபது பக்கம். ஐந்து வேளைத் தொழுகைக்குப் பின்னும் நான்கு நான்கு பக்கம் ஓதினால் சுமை தெரியாது. ஓதக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து மலைக்காமல், ஒரே ஒரு பக்கத்தைப் பொருளோடு ஓதுவதை நாள்தவறாமல் செய்யட்டும்.

சஹர்

சஹர் உணவில் பரக்கத் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஆகவே தூக்கத்துக்காக அதை விட்டுவிடக் கூடாது. இந்த வேளைக்குப் புதிதாகச் சமைப்பதும் தேவையற்றது. இரவே ஆணமும் (குழம்பும்) பொரியலும் செய்து வைத்துவிட்டு, அதிகாலையில் சோறு மட்டும் வடிப்பது, அல்லது மாவு இருந்தால் நான்கு தோசை வார்ப்பது என்று அமைத்துக்கொண்டால், நேரம் முடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் எழுந்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு ரக்அத் தஹஜ்ஜத் (பின்னிரவுத் தொழுகை) தொழுவதற்கும் இடம் கிடைக்கும்.

சோறு, பருப்பாணம், அவித்த முட்டை, கடைசியில் ஒரு கை தயிர்ச்சோறும் வாழைப்பழமும் என்பது நெடுநேரம் தாங்கும் அமைப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் இந்த வேளையில் ஒதுக்கிவிடுங்கள், லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குள் நாக்கு வறண்டுவிடும். தேநீரைக் குறைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரைச் சஹர் முடியும் நிமிடத்தில் மொத்தமாகக் குடிப்பதால் பயனில்லை. நோன்பு திறந்தது முதல் சஹர்வரை பரவலாகக் குடித்து வர வேண்டும். முந்தைய மாலையில் மீந்த கஞ்சியைச் சஹருக்கு வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறியவுடனே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும், தேங்காய்ப்பால் சேர்ந்தது வெளியில் இருந்தால் புளித்துப் போகும்.

பிள்ளைகள்

பருவம் எய்தாத பிள்ளைகள்மீது நோன்பு கடமையில்லை. அவர்களைப் பழக்குவதற்கு நம் வீடுகளில் அரைநோன்பு என்ற அழகான ஏற்பாடு இருக்கிறது: சஹருக்கு எழுந்து எல்லோரோடும் உண்ண வேண்டும், மதியம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும், பின் லுஹருக்கு உணவு. நபித்தோழர்கள் ஆஷூரா (முஹர்ரம் பத்தாம் நாள்) நோன்பின்போது தம் சிறுவர்களையும் நோன்பு வைக்கச் செய்து, பசியால் அழுதால் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து மாலைவரை கவனத்தைத் திருப்புவார்கள் என்று ஹதீஸில் (நபிமொழித் தொகுப்பில்) வருகிறது. கண்டிப்பு அதில் இல்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மயக்கமோ வாந்தியோ வந்தால் உடனே உணவு கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சமையலறையிலும் நிரந்தர வேலை கொடுங்கள். பேரீச்சம்பழத்தைப் பிளந்து கொட்டை நீக்கி உள்ளே புழு இருக்கிறதா என்று பார்ப்பது, புதினா ஆய்வது, விரிப்பை விரிப்பது, பாங்கு கேட்டதும் முதல் பழத்தைச் சமைத்தவர் கையில் கொடுப்பது ஆகியவை ஐந்து வயதுக் குழந்தையாலும் முடியும்.

அண்டை வீடு

குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி ஊற்றி அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். தண்ணீரைக் கூட்டினால் பெருகும் உணவு கஞ்சியைவிட வேறென்ன இருக்கிறது? வாரம் ஒரு நாள் அளவை இரட்டிப்பாக்கி அடுக்ககத்தில் இருக்கும் மூன்று நான்கு வீடுகளுக்குக் கொடுத்தனுப்புங்கள். கறி சேர்ந்ததா, சேராததா என்பதைக் கேட்கும்முன்பே சொல்லிவிட வேண்டும், சைவர்களுக்குக் கொடுப்பதைத் தனிப் பாத்திரத்தில், தனி அகப்பையால் ஊற்ற வேண்டும். வாயில் காவலர், தனியே தங்கியிருக்கும் மாணவர்கள், வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் நோன்பாளிகள் ஆகியோரை முதலில் நினைவில் கொள்ளுங்கள். நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளிப்பவருக்கு அந்த நோன்பாளியின் கூலிக்கு நிகரான கூலி உண்டு, அவருடைய கூலியில் எதுவும் குறையாது என்பது நபிமொழி. விருந்துக்கு அழைக்கும்போது அன்றைக்கும் கஞ்சி, ஒரு பொரித்த பண்டம், ஒரு சோறு என்ற எல்லையைத் தாண்ட வேண்டாம். வந்தவரும் தராவீஹுக்குப் போக வேண்டியவர்தான்.

கடைசிப் பத்து நாள்களும் பெருநாளும்

கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் லைலத்துல் கத்ர் எனும் மாண்புமிக்க இரவைத் தேட வேண்டும் என்பதால், இந்த நாள்களில் சமையல் மேலும் சுருங்க வேண்டும். நடைமுறையில் துணிக்கடையும் பலகாரமும் சேர்ந்து நேர்மாறாக நடக்கிறது. பெருநாள் துணி எடுப்பதை முதல் பத்திலேயே, முடிந்தால் ஷஅபானிலேயே முடித்துவிடுங்கள். இருபதாம் நோன்பன்று அடுத்த பத்து நாள்களுக்கான கஞ்சிப் பொட்டலங்களைக் கட்டி வைத்துவிட்டால் இரவில் விழித்திருக்க உடலில் தெம்பு மிஞ்சும்.

ஃபித்ரா தர்மத்தைப் பெருநாள் தொழுகைக்கு முன் உரியவர்களிடம் சேர்த்துவிட வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும் சேர்த்து, தலைக்கு ஒரு ஸாஉ உணவுத் தானியம் என்பது அளவு. நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு அது, அரிசியில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பணமாகக் கொடுப்பதிலும் அளவிலும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கு (மார்க்கச் சட்ட நெறிகளுக்கு) இடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுச் செயல்படுவது சரி. அரிசியாகக் கொடுக்கும் வீடுகளில் அதைப் பிள்ளைகளைக் கொண்டே அளக்கச் செய்யுங்கள். நீங்கள் அன்றாடம் உண்ணும் அதே தரத்து அரிசியாக அது இருக்கட்டும்.

பெருநாள் காலையில் தொழுகைக்குப் புறப்படும் முன் சில பேரீச்சம்பழங்களை ஒற்றைப்படையாக உண்பது சுன்னத்து. இடியாப்பம், கறி ஆணம், வட்டலாப்பம் என்று ஊர் வழக்கப்படி செய்ய ஆசை இருக்கும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஏலமும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டலாப்பத்தை முந்தைய இரவே அவித்து வைத்துவிட்டால், காலையில் இருவரும் தொழுகைக்குச் சேர்ந்து புறப்படலாம். பிரியாணியைத் தொழுது வந்த பிறகு ஏற்றினால் போதும்.

பெருநாள் முடிந்ததும் மிஞ்சிய பொட்டலங்களைப் பிரித்துக் கொட்ட வேண்டாம். ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் வைக்கும் ஆறு நோன்புகளுக்கும், ரமலானில் விடுபட்டவற்றைக் கழாச் செய்யும் (ஈடுகட்டி நோற்கும்) நாள்களுக்கும் அவை உதவும். வீட்டில் ஒருவர் மட்டும் கழா நோன்பு வைக்கும் நாளிலும் மற்றவர் அஸருக்குப் பின் ஒரு பொட்டலத்தை எடுத்து ஊறப்போட்டுக் கஞ்சி காய்ச்சி, அந்தப் பாங்குக்கு அவரோடு விரிப்பில் உட்கார வேண்டும்.